விதானையாரின் தொண்டை

நிந்தவூருக்கு மேற்கே விரியும் வயல் வட்டைக்குக் கலந்தர்தான் விதானை. வாய்க்கால் நீரை முறைப்படி பங்கிடுவதற்கென விவசாயிகள் தாமே கூட்டம் கூடித் தெரிவுசெய்த பொறுப்பாளர் அவர். மதகடியில் நின்று ஒரு கூப்பாடு போட்டாரென்றால், கடைசி வாய்க்கால் கரையில் படுத்திருப்பவனும் மண்வெட்டியுடன் எழும்புவான்.

பெரும்போக அறுவடையின்போது அக்குரல் கம்மியது. எவரும் பொருட்படுத்தவில்லை. வெட்டு மெசின் கிளப்பும் பதர்த்தூசியில் அந்நாள்களில் எல்லார் தொண்டையும் கட்டும். சிறுபோகத் தண்ணீர் திறந்ததும் தானாகத் தெளியும். வைத்தியரிடமும் கலந்தர் “தூசி” என்றே சொன்னார். அவரும் ஒவ்வாமை மருந்து கொடுத்தார். அது பலிக்காதபோது, வயிற்று அமிலம் மேலெழுகிறது என்று மருந்தை மாற்றினார்.

தண்ணீர் வந்தது, விதைப்பும் முடிந்தது. குரல் மட்டும் வரவில்லை.

“இஞ்சப் பாருங்க, வயலெல்லாம் சேறாக் கிடக்கு. இன்னும் எங்க தூசி?” என்று கேட்டார் மனைவி ஆதிலா.

“வயித்துப் புளிப்பாம்கா.”

“சோறு முழுங்கக்குள்ள காது குத்துதெண்டு எனக்கிட்டச் சொன்னீங்க. அத டொக்டருக்கிட்ட ஏன் சொல்லல்ல?”

“தொண்டைக்கு மருந்தெடுக்கப் போன இடத்துல காதக் கதைக்கிறதா?”

மறுநாளே ஆதிலா அவரை மட்டக்களப்பிலுள்ள தொண்டை நிபுணரிடம் கூட்டிச் சென்றார். மூக்கு வழியே மெல்லிய கமறாக் குழாய் இறங்கியது. சதைத் துண்டொன்று பரிசோதனைக்குப் போனது. முடிவு, குரல்வளையில் புற்றுநோய்.

“காதில் குத்தியதும் இதனால்தான். பரவவில்லை. கதிர்ச் சிகிச்சையால் குணப்படுத்தலாம்” என்றார் நிபுணர். “ஆனால், பழைய குரல் திரும்புமென்று உறுதி சொல்ல முடியாது.”

குரலில்லாதவனை அடுத்த கூட்டத்தில் யார் விதானையாகத் தெரிவுசெய்வர்? நோயைவிட அந்தக் கேள்விதான் கலந்தரை உறுத்தியது.

“வரம்புல நடக்க ஏலுமா டொக்டர்?”

“தாராளமாக.”

“அப்ப போதும். தொடங்குங்க.”

சிகிச்சை பலித்தது, நோய் நீங்கியது. அடுத்த பெரும்போகக் கூட்டத்துக்கு, உமியை அரைத்தாற்போன்ற தாழ்ந்த குரலுடன் கலந்தர் வந்தார். கடைசி வாய்க்காலில் வயல் செய்யும், அவரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றழைக்கும் பர்ஸான் எழுந்தான்.

“காக்கா, ஒங்கட சத்தம் மேசைக்கு இஞ்சால வருதில்ல. எங்கட பக்கம் எப்பிடிக் கேக்கும்?”

“நான் வட்டையே அதிரக் கத்தின காலத்துலயும் ஒனக்குக் கேக்கல்லதானே?” என்றார் கலந்தர். “ஒண்ட முறை முடிஞ்சாலும் மதகப் பூட்டமாட்டாய். கேட்டா, ‘நீங்க கூப்பிட்டது கேக்கல்ல காக்கா’ எண்டுவாய். இனிக் கூப்பிடமாட்டன். நேரா ஒண்ட வரம்புக்கே வந்து நிப்பன்.”

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது.

“வரம்புல ஒங்கட மோட்டார் சைக்கிள் ஓடாது காக்கா!” என்றான் பர்ஸான்.

“கால் ஓடும்.”

அவரையே விதானையாக்கக் கைகள் உயர்ந்தன. பர்ஸானின் கை சற்றுப் பிந்தியே உயர்ந்தது, ஆனாலும் உயர்ந்தது.