கூடுதலாக ஒரு மூச்சு

வேலைக்குப் போகும் அம்மாக்கள் பகலில் பிள்ளைகளை விட்டுப்போகும் அந்தக் காப்பகத்தில் கைக்குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் பூனையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தூங்குகிற பிள்ளைகளுக்கு நடுவே சத்தமே இல்லாமல் நடப்பாள் என்பதால் வந்த பெயர். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்காமல் பால் புகட்ட மாட்டாள். குடித்ததும் தோளில் போட்டு, ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டுவாள். துணி மாற்றும்போது ஒரு கை எப்போதும் பிள்ளையின் வயிற்றின் மேல் இருக்கும். தொட்டிலில் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூடாது. மல்லாத்தித்தான் படுக்க வைக்க வேண்டும்.

அப்படிப்பட்டவளின் அறையில்தான் அது நடந்தது. ஒரு மத்தியானம் பக்கத்துக் குழந்தைக்குத் துணி மாற்றிவிட்டுத் திரும்பினாள். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த ஆண் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. விரல்களால் நெஞ்சை அழுத்தினாள். அவன் மூக்கையும் வாயையும் சேர்த்துத் தன் வாயால் மூடி ஊதினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை. ஆனாலும் அவன் பிழைக்கவில்லை.

யார் மேலும் தப்பில்லை, சில குழந்தைகளுக்குக் காரணமே தெரியாமல் இப்படி ஆகிவிடுகிறது என்றார் மருத்துவர். அவன் அம்மா யாரையும் திட்டவில்லை. "அழுதானா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் பூனையக்கா.

அழுதிருந்தால் காதில் விழுந்திருக்குமே என்ற நினைப்பு பூனையக்காவை அதன் பிறகு விடவே இல்லை. விடுமுறை நாளில் கணவர் சற்றுக் கண்ணயர்ந்தால்கூட அவள் விரல் அவர் மூக்கடிக்குப் போய்விடும். "இருக்கேன், இருக்கேன். அவ்வளவு சீக்கிரம் உன்னை நிம்மதியா விட்டுடுவேனா?" என்பார் அவர், கண்ணைத் திறக்காமலே.

வேலையை அவள் விடவில்லை. அறை அடங்கியதும் ஒவ்வொரு தொட்டிலாகக் குனிந்து கேட்பாள். அப்படிக் கேட்கும்போதுதான் தெரிந்தது, படுத்திருக்கும் பிள்ளைகளைவிட ஒரு மூச்சு கூடுதலாக இருந்தது. வயிறு நிறைந்து தூங்கும் பிள்ளையின் மெல்லிய மூச்சு. அதைக் கேட்டு அவள் பயப்படவில்லை. அது நின்றுவிடுமோ என்றுதான் பயந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

சில வருஷம் கழித்து, இறந்த குழந்தையின் அம்மா, புதிதாகப் பிறந்த பெண் குழந்தையோடு காப்பகத்துக்கு வந்தாள். பூனையக்கா கையை நீட்டவில்லை.

"என்கிட்ட வேணாம்மா. வேற இடம் பாருங்க."

"வேற இடத்துல யாருக்கும் அவனைத் தெரியாதுக்கா" என்றாள் அவள்.

பூனையக்கா கையை நீட்டினாள். குழந்தையை வாங்கிக்கொண்டாள். முதல் நாள் தாய் வேலைக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பால் கொடுத்து, தூங்க வைத்து, இருவரும் தொட்டிலருகே தரையில் அமர்ந்தார்கள்.

"அவன் இங்க எப்படி இருப்பான்?"

"பாட்டிலைக் கையால பிடிக்க மாட்டான். ரெண்டு காலையும் தூக்கி இடுக்கிக்குவான். பெரிய குரங்காட்டம்."

தாய் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, பிறகு அதுவும் அடங்கியது. அறை நிசப்தமானது. அவள் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா... ஒண்ணு கூடுதலா கேக்குதில்ல?"

பூனையக்கா சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "உனக்குமா?" என்றாள். அதுவரை அவளை 'நீ' என்று சொன்னதில்லை.

தாய் தலையாட்டினாள்.

பெண் நன்றாக வளர்ந்தாள். நடக்கத் தொடங்கியதும் பெரிய பிள்ளைகள் அறைக்கு மாற்றினார்கள். "நீயும் அவகூடவே அங்க வந்துடேன்" என்று காப்பகத்தை நடத்துகிற அம்மாள் பூனையக்காவிடம் சொன்னாள். "ஓடுறதும் கத்துறதுமா ஒரே கலகலப்பா இருக்கும். உனக்கும் மனசு லேசாகும்."

"வேணாம்மா. அங்கயெல்லாம் எதுன்னாலும் வாய்விட்டுக் கேட்டுக்குவாங்க. சத்தமே போடாத பிள்ளைக்குத்தான் ஆள் வேணும்" என்றாள் பூனையக்கா.