வீரபாண்டியில் கிடைத்த வழி

கம்பத்திலிருந்து வரும் எங்கள் பஸ் வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் சிக்கி நிற்கிறது. கொழும்பில் என் அக்கா சாகக் கிடக்கிறாள். நாளைக் காலை திருச்சியில் விமானம் ஏற வேண்டும். மதுரையில் ரயிலை விட்டால் அதுவும் போச்சு. கண்டக்டர் இறங்கி, இதைச் சொல்லிக் கூட்டத்திடம் கெஞ்சுகிறார்.

தீச்சட்டி ஏந்திய ஓர் அம்மாள் என் ஜன்னலருகே நிற்கிறாள்.

"கொழும்புக்கு எம்புட்டு நேரமாகும்யா?"

"பறந்தா ஒரு மணி நேரத்துல போயிரலாம் ஆத்தா. திருச்சி போய்ச் சேர்றதுதான் பெரும்பாடு."

அவள் திரும்பிக் குரல் கொடுக்கிறாள். "ஏலே, ஒதுங்குங்க! கூடப் பொறந்தவளைப் பாக்கப் போறாக."

சாலையில் விழும் புளியமர நிழலை விட்டு, எரியும் சட்டியோடு ஓரத்துக் கொதிக்கும் மணலில் வெறுங்காலுடன் இறங்கி நிற்கிறாள். பின்னால் வந்தவர்களும் இறங்குகிறார்கள். பஸ் நகர்கிறது.

கோயில் இருப்பது மறுபக்கம். நான் கும்பிடுவது இந்தப் பக்கம்.