மந்திரியின் மழைக்காலச் சொறி

முதல் வருடம், அக்டோபர் 9: ஊசி, 400.
அக்டோபர் 27: களிம்பு, 120.
இரண்டாம் வருடம், அக்டோபர் 4: ஊசி, மாத்திரை, 560.
நவம்பர் 11: மருந்து ஷாம்பு, 230.
மூன்றாம் வருடம், செப்டம்பர் 30: ஊசி, 450.
அக்டோபர் 18: நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு, 175.

இவ்வளவும் ஒரு நாய்க்கு. அந்த மூன்று வருடங்களில் லிஃப்ட்காரர் தனக்கென்று வாங்கியது ஒரு ஜோடி செருப்பு.

எட்டு மாடி அலுவலகக் கட்டடம் அது. லிஃப்டின் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தாவிட்டால் பெட்டி நகராது. அதை இழுத்துச் சாத்துவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் உத்தியோகம். காலையில் முக்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஏற்றமும் இறக்கமும்தான். வேலையோடு ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள். தரைக்குக் கீழே, லிஃப்ட் வந்து நிற்கும் குழிக்கு அடுத்த சுவர். கூரையை ஒட்டி ஒரு கையகல ஜன்னல். அதன் வழியே தெருவில் போகிறவர்களின் கணுக்கால் தெரியும். வெள்ளைச் சட்டையும் பித்தளைப் பொத்தானுமாக நிற்கிற மனிதர் எங்கே படுக்கிறார் என்பது, அறையைக் கொடுத்த நிர்வாகத்தைத் தவிர, எட்டு மாடியில் யாருக்கும் தெரியாது. அவரும் மூச்சு விட்டதில்லை.

நாய்க்கு மந்திரி என்று பெயர் வைத்தவர் வாசல் காவலாளி. வேலை ஒன்றும் செய்யாமல் எல்லாருடைய வணக்கத்தையும் வாங்கிக்கொள்கிறதாம். மழை தொடங்கினால் போதும், மந்திரி வயிற்றையும் காதையும் பிறாண்ட ஆரம்பித்துவிடும். சொறிகிற வேகத்தில் பின்னங்கால் தரையில் தட்டும்.

"மந்திரி இன்னைக்கும் தாளம் போடுறாரா?" என்று மூன்றாம் மாடிக் கணக்கர் கேட்பார். முதலில் சிரித்தவர்கள் பிறகு மூக்கைச் சுளித்தார்கள். மூன்றாம் வருட மழையில் ஐந்தாம் மாடியிலிருக்கும் கட்டட மேலாளரிடமிருந்து கடிதம் வந்தது: நாய்க்குத் தோல் நோய் தீர வேண்டும், இல்லையேல் வருடக் கடைசிக்குள் அதை அப்புறப்படுத்த வேண்டும்.

லிஃப்ட்காரருக்குக் கல்யாணம் காட்சி என்று ஒன்றும் அமையவில்லை. கதவைத் திறந்ததும் வாலை ஆட்ட அந்த ஒரு ஜீவன்தான். கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினார்.

"மழையிலதான் வருதுன்னா புல்லு பூக்கிறதால இருக்கலாம்," என்றார் டாக்டரம்மா. "கொஞ்ச நாள் புல் பக்கம் விடாதீங்க. வீட்டுல ஈரம் கீரம் உண்டா? காத்து வருமா?"

"நல்லா வரும்மா. ஜன்னல் இருக்கு."

ஜன்னல் இருந்தது உண்மைதான். அது எத்தனை பெரியது என்று அவர் சொல்லவில்லை. பித்தளைப் பொத்தான் போட்ட சட்டையோடு நின்றுகொண்டு, பாதாளத்தில் குடியிருக்கிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அன்றிலிருந்து மந்திரிக்குச் சிறை. காலையில் ஐந்து நிமிடம் தெருவோரம்; மற்ற நேரமெல்லாம் அறைக்குள். சொறி குறையவில்லை. குறையாததால் அந்த ஐந்து நிமிடத்தையும் மூன்றாக்கினார். மேலே அவர் கம்பிக் கதவுக்குப் பின்னால். கீழே அது மரக் கதவுக்குப் பின்னால்.

அந்த நேரம் பார்த்துக் குடலிறக்கம் முற்றி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊருக்கு வெளியே மைதானத்தை ஒட்டி வீடிருந்த அக்கா, நாயைக் கூட்டிப் போனாள். அறுவைச் சிகிச்சை முடிந்து அவரும் அங்கேதான் போய்ப் படுத்தார்.

"டேய், சொறி சொறின்னு அழுதியே, அது இந்த நாய்தானா?" என்றாள் அக்கா. மந்திரி இடுப்பளவு புல்லில் புரண்டுகொண்டிருந்தது.

"ஐயோ, புல்லு ஆகாதுக்கா! உள்ளே கட்டு!"

"கட்டுறதாவது! உன்னைக் கட்டிப் போட்டிருக்கிறது பத்தாதா? நல்லாப் பாருடா, ஒரு தடவையாவது சொறியுதா?"

பார்த்தார். வெளியே மழை, நாய் நனைந்த புல்லில். சொறியவில்லை. ஊசியும் போடவில்லை, மாத்திரையும் கொடுக்கவில்லை. வயிற்றில் புது முடி பொடித்திருந்தது.

மந்திரியோடு வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் அறையில் தாளம் கேட்டது.

அவர் கட்டிலை நகர்த்தினார். மழைக்கு முன்னால் வருடம் தவறாமல் அவரே அடிக்கிற சுண்ணாம்பு, அப்பளம்போல உப்பி நின்றது. விரலால் தட்டினார். பொருக்கு உதிர்ந்த இடத்தில் கருப்பாகப் பூஞ்சணம். குழியில் தேங்கும் மழைநீர் சுவர் வழியே ஊறி, மந்திரி முதுகைச் சாய்த்துப் படுக்கும் மூலை முழுக்கப் படர்ந்திருந்தது.

இந்தத் தடவை டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார், ஜன்னலின் அளவு உட்பட.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் புல்லைப் பழி சொல்லியிருப்பேனா?" என்று கடிந்துகொண்டார் டாக்டரம்மா. "இன்னும் ஒண்ணு பாத்துடலாம். இடத்தை மட்டும் மாத்துங்க. மருந்து, சாப்பாடு எதையும் மாத்தாதீங்க."

மொட்டை மாடியில் பழைய நாற்காலிகள் போட்டுவைத்த அறை ஒன்று இருந்தது. சாவி காவலாளியிடம்.

"மந்திரி மேல்சபைக்குப் போறாரா? போகட்டும், நான் எதையும் பாக்கலைண்ணே," என்றார் காவலாளி. ஒரு வாரம் மந்திரி அங்கே படுத்தது, புண் ஆறியது. கீழே கொண்டுவந்தார், மறுபடி பிறாண்டியது. டாக்டரம்மா இதைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதை இணைத்து, மாடி அறையைத் தனக்கு ஒதுக்கும்படி லிஃப்ட்காரர் மேலாளருக்கு விண்ணப்பம் எழுதினார். நாய்க்கு நோயில்லை, அறைக்குத்தான் நோய் என்று ஒரு வரி எழுதி, அதிகப்பிரசங்கித்தனம் என்று பட்டு அடித்துவிட்டார்.

பதில் வரவில்லை. மேலாளரைத் தினமும் அவர்தான் ஐந்தாம் மாடிக்கு ஏற்றினார். மேலாளர் மாடி எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். மொட்டை மாடி அறைக்குப் புதுப் பூட்டு விழுந்தது. மந்திரியின் காதில் ரத்தம் கசிய ஆரம்பித்ததும், அவர் அக்காவுக்குச் சொல்லியனுப்பினார்.

"நீயும் வந்துடேன்டா," என்றாள் ஆட்டோவில் வந்த அக்கா.

"இந்த வயசுல யாருக்கா வேலை குடுப்பாங்க?"

நாய் ஆட்டோவில் ஏறித் திரும்பிப் பார்த்தது. லிஃப்ட் மணி அடித்துவிட்டது. ஏழாம் மாடியில் யாரோ காத்திருந்தார்கள்.

பிறகு ஐந்தாம் மாடிப் பணியாள் ஒரு உறையை லிஃப்டுக்குள்ளேயே அவர் கையில் கொடுத்தார். நாய் தற்போது கட்டடத்தில் இல்லை என்று தெரியவருவதால், அறையை மாற்றுவதற்கான காரணம் நீங்கிவிட்டது, விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது, இது குறித்து மேற்கொண்டு கடிதம் அனுப்பப்படமாட்டாது. அது வந்த தேதி டிசம்பர் 3.