பானுப்ரியா மூச்சு வாங்கிய இடம்

பானுப்ரியாவுக்குத் தொழில் தூத்துக்குடியில் பெயிண்ட் கடை. பைத்தியம் வினாடி வினா. சம்பளமா, சால்வையா, ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காக அவளும் செந்தூர்வேலும் இன்னும் சிலரும் இணையத்தில் நடத்துகிற போட்டி அது.

அங்கே ஒரு கேள்வி என்பது ஒரு முழுப் பத்தி. பானுப்ரியாதான் வாசிப்பாள். கடினமான குறிப்பில் தொடங்கிப் போகப் போக எளிதாகும். பதில் பிடிபட்டவர் நடுவிலேயே திரையில் பஸ்ஸரை அமுக்கலாம். முந்தியவருக்கே முதல் வாய்ப்பு.

இதில்தான் புன்னைக்காயல் ஜெனிலா அடிவாங்கினாள். பதினொன்றாம் வகுப்பு, கெட்டிக்காரி. ஆனால் அவள் வீட்டு சிக்னல் இருக்கிறதே, அது ஆடி அசைந்து வருவதற்குள் வேறொருவர் அமுக்கியிருப்பார். பிள்ளையின் முகம் வாடுவதைப் பானுப்ரியாவால் பார்க்க முடியவில்லை. ஜெனிலா ஆடும்போது மட்டும், பதிலைக் காட்டிக்கொடுக்கும் குறிப்புக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு வாங்கி வாசித்தாள். தெரியாமல் என்று சொல்ல முடியாது, பாதி தெரிந்தேதான்.

அரையிறுதியில் ஜெனிலா ஆழ்வார்திருநகரி வரத் என்ற பையனை வென்றுவிட்டாள். பானுப்ரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் ஜெனிலா போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, வையாதீய. நான் ஆடும்போது நீங்க ஒரு எடத்துல மூச்சு வாங்குதீய. அதக் கேட்டுதான் அமுக்குதேன். அமுக்குன பெறவுதான் யோசிக்கவே செய்யுதேன்."

"ஏளா, உன்ட்ட யாரு கேட்டா? ஜெயிச்சாச்சுல்லா, பேசாம இரி."

"இல்லக்கா. வரத்துக்கு அது தெரியாதுல்லா. போட்டிய திருப்பி வைங்க. வேற ஆளு வாசிக்கட்டும்."

திரும்ப ஆடினால் இறுதிச் சுற்றே கைநழுவலாம். தெரிந்துதான் கேட்கிறாள்! பானுப்ரியாவுக்கு வெட்கமாகப் போயிற்று. தப்பு முழுக்கத் தன்னுடையது என்று குழுவில் எழுதிப் போட்டாள். செந்தூர்வேல் போனில் எரிந்து விழுந்தான்.

"மூச்சு வாங்குனதுக்குப் பதிலா, அந்தப் பிள்ளைய உன் கடையிலயே கூட்டியாந்து உக்கார வச்சிருக்கலாம்லா? அங்கன சிக்னல் நல்லாத்தான கெடக்கு!"

அட, இது தோன்றவே இல்லையே!

அடுத்த ஞாயிறு மறு ஆட்டம். ஜெனிலா கடைக்குப் பஸ் ஏறி வந்தாள். பெயிண்ட் வாளிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். எதிரே திரையில் வரத். செந்தூர்வேல் தன் வீட்டிலிருந்து கடகடவென்று வாசித்தான். பானுப்ரியா தன் மூச்சுச் சத்தம்கூடக் கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கடைசிக் கேள்வி வரை இருவரும் சமம். அதில் வரத் முந்திவிட்டான்.

பானுப்ரியாவுக்குத்தான் கண் கலங்கியது. ஜெனிலா ஸ்டூலைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, இன்னைக்கு அமுக்குனது பூராவும் எனக்குத் தெரிஞ்சு அமுக்குனது."

பானுப்ரியா அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். டர்பன்டைன் வாங்க ஷட்டருக்குள் குனிந்து வந்த ஒருவர் இருவரையும் பார்த்து, "என்னம்மா, பிள்ள ஜெயிச்சிட்டாளா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி" என்றாள் பானுப்ரியா.