மன்னார்த் தமிழ் பேசிய யப்பான் பேய்

செத்துப்போன என் தாயின் குரலில் பேசி, கட்டின மனைவியை நான் ஏமாற்றினேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை! முதலாவது தற்செயல். இரண்டாவது... அதற்குச் சாட்டுச் சொல்ல மாட்டேன்.

இதைப் பங்குச் சுவாமியிடம்கூட நான் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், முழந்தாளிட்டேன், பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் போன கதையை மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். ஆகவே உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என் மனைவி பிலோமினாவைத் தெரியாது, அந்தத் துணிவுதான்.

என் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்! நான் ஒரு பேய்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்து மொண்டெல்லோவில், கடற்கரைக்குச் சற்றுப் பின்னால், சால்வோ என்கிற என் முதலாளி ஒரு பேய்வீடு நடத்துகிறார். யப்பானை நினைத்து அவராகவே கற்பனை செய்த ஒரு தீவு ராச்சியம் அது. வழியெல்லாம் காகித விளக்குகள். ஒன்பது வால் நரி ஒன்று, ஒற்றைக்காலில் துள்ளும் குடைப்பேய் ஒன்று, கடைசியில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றிலிருந்து எழும்பும், சாந்தியடையாத பெண் ஆவி நான்தான். ஐம்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை! வெள்ளை அங்கி, முழங்கால்வரை பொய்முடி. முடி முகத்தை மூடிவிடும் என்பதால் மீசையை எடுக்கவில்லை. எடுத்தால் வீட்டில் கேள்வி வரும்.

வீட்டில் நான் சொல்லியிருந்ததோ, ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிறேன் என்று. வேறென்ன சொல்ல முடியும்? பிலோமினா எங்கள் பங்கின் செபமாலைக் குழுத் தலைவி. பேய் என்ற சொல்லை வீட்டுக்குள் எடுக்க விடமாட்டாள். “கதைச்சா வரும்” என்று வாயில் அடிப்பாள். அவளிடம் போய், அந்தப் பேயே நான்தான் என்று சொல்வதா!

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். “அந்தத் தீவின் பாஷையில் புலம்பு. ஒருவருக்கும் விளங்கக்கூடாது” என்பது சால்வோவின் கட்டளை. தீவின் பாஷை எனக்கும் தெரியாது, சால்வோவுக்கும் தெரியாது. தமிழைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது? குடைப்பேயாகத் துள்ளும் தேவன் மொரீசியசுத் தமிழன்தான். முருகன் பாட்டெல்லாம் உருகி உருகிப் பாடுவான். ஆனால் தமிழில் கதைத்தால் அவனுக்கு ஒன்றும் விளங்காது. பயமில்லை என்று துணிந்தேன்.

முதல் கிழமை கடைச் சாமான்களைச் சொல்லிப் புலம்பினேன். “வெங்காயம்... பருப்பு... நெத்தலிக் கருவாடு...” பலெர்மோச் சனங்கள் நடுங்கினார்கள்! பிறகு அலுத்துவிட்டது. குரலைக் கீச்சாக்கினால் அப்படியே என் அம்மாவின் குரல் வருவதை ஒரு நாள் கண்டுபிடித்தேன். குரல் வந்ததும் அவளுடைய சொற்களும் தாமாக வந்தன. மன்னாரிலிருந்து போன் எடுக்கும் போதெல்லாம் அவள் கேட்கும் கேள்வி அது.

“ஒருக்காக் கதையன் பிள்ளை... ரெண்டு வார்த்தை கதைச்சா உன்ர வாய் தேஞ்சோ போகும்?”

சால்வோவுக்குப் பெருத்த சந்தோஷம். தினமும் அதையே சொல்லச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பிள்ளைகள் ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு வந்தார்கள். இருட்டில் எனக்கு ஆள் தெரியவில்லை. எழும்பினேன், கையை நீட்டினேன், அந்த வசனத்தை இழுத்து இழுத்துச் சொன்னேன். “யேசுவே, மாமி!” என்றொரு அலறல்! அந்தக் குரலோடு இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்துகிறேன், தெரியாமல் போகுமா? வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவின் பேரப்பிள்ளைகளோடு வந்த என் பிலோமினா, தரையில் குந்திவிட்டாள். நான்? கிணற்றுக்குள் ஒளித்தேன்.

வீட்டுக்குப் போனபோது எல்லா விளக்கும் எரிந்தது. மூலை மூலையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, உங்கட அம்மா வந்தவ!”

“எங்கை?”

“மொண்டெல்லோவிலை. ஒரு யப்பான் பேயிலை.”

“அது வேசம் போட்ட ஆளாய் இருக்கும் பிலோமினா.”

“யப்பான்காரனுக்கு எங்கட தமிழ் எப்பிடித் தெரியும்? அவனிலை மாமி ஏறியிருக்கிறா. அதே குரல், அதே கதை!”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்... வாய்வரை வந்தது. ஆனால் அதற்குள் அவள் அழத் தொடங்கிவிட்டாள். ஏன் அழுதாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு மத்தியானம் அம்மா போன் எடுத்தாள். நான் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் கிடந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி இரண்டு ஓவர்! இல்லை என்று சொல் என்று பிலோமினாவுக்குக் கை காட்டினேன். “அவர் வேலைக்குப் போட்டார் மாமி” என்றாள். அப்படியானால் நீயாவது ஒருக்காக் கதையன் பிள்ளை என்று அம்மா கெஞ்சியிருக்கிறாள். இவளுக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. வைத்துவிட்டாள். நாலாம் நாள் அம்மா போய்விட்டாள். எங்கள் பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே இருப்பதற்கான விசா, புதுப்பிக்கக் கொடுத்துக் கெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் கிடந்தது. செத்தவீட்டுக்கும் போகவில்லை.

கை காட்டியது நான். மாமியின் ஆவி தன்னைத்தான் தேடுகிறது என்று நடுங்கியது அவள்!

அதன் பிறகு பிலோமினா சரியாக நித்திரை கொள்ளவில்லை. திங்கட்கிழமைகளில் பலெர்மோவின் புனிதை சாந்த ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறினாள். பாதம் இரண்டும் வீங்கிச் சப்பாத்துக்குள் போக மறுத்தன. அந்தக் காலோடு சிஞ்ஞோராவின் வீட்டுக்கு வேலைக்கும் போனாள். வீட்டில் எனக்கு அம்மாவின் கைப்பக்குவத்தில் கறி சமைத்துப் போட்டாள். நானும் வெட்கமில்லாமல் தின்றேன். தின்று கொழுத்ததில் கிணற்றுவாய்கூட எனக்கு இறுகத் தொடங்கியது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. நாளைக்கு என்றேன். நாளைக்கும் நாளைக்கு என்றேன். என்ன மனிதன் நான்!

பிறகு ஒரு புதன்கிழமை, நாலு மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாக அவள் வந்தாள். தனியே வந்தாள். நரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. குடைப்பேய் துள்ளி வந்து நாக்கை நீட்டியது. “தள்ளு தம்பி” என்று கையால் விலக்கிவிட்டு நேரே கிணற்றடிக்கு வந்தாள். கையில் சாப்பாட்டுக் கரியர். உள்ளே நண்டுக்குழம்பு, வாசத்திலேயே தெரிந்தது. அம்மாவுக்கு உயிர்.

வீங்கின காலோடு முழந்தாளிட்டாள்.

“மாமி, என்னை மன்னியுங்கோ. அண்டைக்கு உங்களோடை கதையாமல் வச்சது நான்தான். அவரிலை கோவிக்காதேங்கோ. அவர் சத்தியமா வேலைக்குத்தான் போனவர்.”

கேட்டீர்களா? செபமாலைக் குழுத் தலைவி... பேய்க்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்தாள், எனக்காக! பொய்முடியைக் கழற்றி எறிந்துவிட்டு, “நான்தானடி அது” என்று காலில் விழுந்திருக்க வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தேன். வந்தது என் குரல் அல்ல.

“அழாதை பிள்ளை. எனக்கு உன்னிலை கோவமில்லை. இனி வெறுங்காலோடை மலை ஏறாதை. நான் போறன்.”

அவள் சிலுவை போட்டுக்கொண்டு எழும்பினாள். கரியரைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுப் போனாள். படையல் என்றால் ஆவி தின்ற பிறகு ஆட்கள் தின்னலாம் என்று இத்தாலியனில் விளக்கியபடி தேவன் மூடியைத் திறந்தான். என் தாய்க்கு வந்த நண்டை நானும் ஒரு குடையும் பங்கு போட்டோம். மூக்கைச் சிந்திச் சிந்தித் தின்றேன். உறைப்பு என்று அவன் நினைத்தான்.

அன்று வீட்டுக்குப் போக, பிலோமினாவின் முகம் தெளிந்திருந்தது. மாதக்கணக்கில் காணாத சிரிப்பு. சோற்றைப் போட்டுத் தந்துவிட்டு முன்னால் இருந்தாள்.

“மாமி என்னை மன்னிச்சிட்டா.”

“நல்லதாப் போச்சு...” என்றேன், தலையை நிமிர்த்தாமல். பிறகு வாய் சும்மா கிடக்கவில்லை. “என்னைப் பற்றி ஏதும் கேட்டவவோ?”

“இல்லை. உங்களை ஒரு சொல்லும் கேக்கேல்லை.” என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டாள். “கேட்டிருந்தாலும் நான் காட்டிக் குடுத்திருக்க மாட்டன். நீங்கள் பயப்பிடாமல் சாப்பிடுங்கோ.”