ஜங்புரா மூன்றாவது மாடியில் பூட் ஆகாத லினக்ஸ்

கடைகளுக்கு எடை மெஷினும் பில் மெஷினும் விற்பது என் தொழில். உள்ளே இருப்பது வெளிநாட்டு சர்க்யூட் போர்டு. அதைத் தயாரிப்பவர்கள் திடீரென்று மாடலை நிறுத்திவிடுவார்கள்; நாம் சாப்ட்வேரை முதலிலிருந்து எழுத வேண்டும். நமக்கென்றே ஒரு பிராசஸர், அதில் லினக்ஸ் என்று டெல்லியில் இரண்டு பேர் செய்வதாகக் கேள்விப்பட்டு, போன நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து கிளம்பினேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்காக இந்தப் பதிவு.

ரயிலில் இரண்டு ராத்திரி. நிஜாமுதீனில் இறங்கினால் ஜங்புரா மூன்று கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார். மீட்டர் என்றேன், கெட்டுப்போச்சு என்றார். கெட்டுப்போன மீட்டருக்கு எண்பதுதான் தருவேன் என்று என் இந்தியில் சொன்னதும் சிரித்துவிட்டு ஏற்றிக்கொண்டார்.

மூன்றாவது மாடியில் ஓர் அறை. பிராசஸரை வடிவமைத்தவர் ஆரிப், வாணியம்பாடிக்காரர். சொந்தமாக சிப் அடிப்பது கட்டுப்படியாகாது என்பதால், உள் இணைப்புகளை நாமே தீர்மானிக்கும் எஃப்பிஜிஏ சிப்பில் அதை ஏற்றியிருக்கிறார். லினக்ஸ் கவிதாவின் பொறுப்பு. நாகர்கோவில் குடும்பம், வளர்ந்தது டெல்லியிலேயே, கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில். இருவருமே வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவர்கள். வேறு வாடிக்கையாளர் கிடையாது. என் கண் முன்னால் லினக்ஸ் பூட் ஆகி எழுந்து ஒரு பில் அடித்தால் ஆர்டர், இல்லையென்றால் வெளிநாட்டு போர்டுக்கே போய்விடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தேன்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை இந்த பிராசஸருக்கென்று பில்ட் செய்ய முக்கால் மணி நேரம். அதற்குள் கீழே சோலே பட்டூரே சாப்பிட்டோம், தட்டு தொண்ணூறு ரூபாய். பிறகு மெமரி கார்டைச் செருகி சுவிட்சைப் போட்டார்கள். லேப்டாப் திரையில், கெர்னலை எழுப்பிவிடும் பூட்லோடரின் வரிகள் ஓடின. கெர்னலைத் தொடங்குகிறேன் என்றது. அதோடு சரி. மறுபடி போட்டார்கள். அதே இடம்.

"சிப்தான் தொங்குது, ஆரிப்."

"போன வாரம் ஓடுச்சுல்ல? நீ எதைத் தொட்டே?"

"பிரிண்டரை மட்டும்தான். அண்ணாச்சி, ஏக் மினிட், ஜல்தியா பார்த்துடுதேன்."

சிப்பில் கோளாறென்றால் மாதக்கணக்காகும் என்று ஆரிப் மெதுவாகச் சொன்னார். எனக்குச் சாயங்காலம் ரயில்.

மேஜையிலிருந்த பில் பிரிண்டரில் சிவப்பு விளக்கு மினுங்கியது, காகிதம் இல்லை. மெஷினோடு பில் ரோலும் விற்கிறவன் பையில் ரோல் இல்லாமல் இருக்குமா? ஒன்றை எடுத்து மாட்டினேன். கவிதா இன்னொரு முறை சுவிட்சைப் போட்டார். திரை வழக்கமான இடத்தில் நின்றது. பிரிண்டர் அடிக்க ஆரம்பித்தது. மளிகை ரசீது மாதிரி முழம் முழமாக ஆங்கில வரிகள், எல்லாம் கெர்னல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருவது. கடைசியில் யூசர் பெயர் கேட்டு நின்றது.

பிரிண்டரைச் சோதிக்க இணைப்புப் போர்ட்டுகளை மாற்றியபோது, திரைக்கு வர வேண்டிய செய்திகளையும் கவிதா பிரிண்டர் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார். லினக்ஸ் முதல் தடவையிலிருந்தே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"பூட் ஆயிட்டு, அண்ணாச்சி."

"பில் வரலியேம்மா."

ஆரிப்பின் முகம் சுருங்கியது. பேச்சு பேச்சுதான். கவிதா அந்த அமைப்பைத் திருத்தினார். அரை மணியில் ஒரு கிலோ துவரம் பருப்புக்கு ஒழுங்காக பில் வந்தது. நூறு போர்டுக்கு ஆர்டர் கேட்டார்கள். இருபதுக்கு ஆர்டர் கொடுத்தேன், கடையில் ஓடட்டும் பார்ப்போம் என்று.

போகிறவர்கள் சொந்த பிரிண்டரையும் தராசையும் கொண்டுபோய்ச் சோதியுங்கள். ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கி, மறுபடி எழுகிறதா பாருங்கள். நவம்பரில் டெல்லிப் புகைக்கு மாஸ்க் அவசியம். முக்கியமாக, வந்த நாளே திரும்ப டிக்கெட் போடாதீர்கள். அன்றைக்கு நான் ரயிலை நினைத்துக் கொஞ்சம் முன்னால் கிளம்பியிருந்தால், ஒரு பழுதும் இல்லாத சிப்பை ஆரிப் மறுநாளே பிரித்து மேய ஆரம்பித்திருப்பார்.