ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்

எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் ஒரு வார மருத்துவ ஊழியத்துக்காகக் கல்வராயன் மலைக்குப் போனோம். நான் நர்ஸ். புண்ணுக்குக் கட்டுப் போடுவது என் வேலை. கேம்ப்புக்கு அட்டவணை போட்டதும் நான்தான். ஞாயிறு முழு ஓய்வு என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியதும் சாட்சாத் நான்தான். பக்தி ஒரு காரணம். ஆன்லைனில் வாங்கி வைத்திருந்த தூண்டில் இன்னொரு காரணம்.

புதன் முதல் சனி வரை பந்தலில் உட்கார்ந்து மைக்கில் கூவிக் கூவி அழைத்தோம். காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை. சில கிழவர்களும் இரண்டு ஆடுகளும் வந்தார்கள். “சனங்களுக்கு விழிப்புணர்வே கம்மி” என்றார் டாக்டர். நானும் பலமாகத் தலையாட்டினேன்.

ஞாயிறு ஜெபம் முடிந்ததும் ஓடைக்குக் கிளம்பினோம். டாக்டர் கழுத்தில் பைனாகுலர்; கரடி பார்க்கப் போகிறாராம். குரங்கு ஒன்று வந்து எங்கள் ரொட்டிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதைப் பார்க்க பைனாகுலர் தேவைப்படவில்லை. நான் கோதுமை மாவை உருட்டி முள்ளில் குத்தித் தண்ணீரில் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, சொர்க்கமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கரை முழுக்க ஆட்கள். நாலு நாளாகக் கண்ணில் படாத சனம்!

“இன்னாக்கா, இந்த மடுவுல மீனு ஏது? சும்மா குந்திக்கினு இருக்கீங்களே” என்று சிரித்தபடி ஒரு பெண் நொண்டி நொண்டி வந்தாள். முப்பது வயதிருக்கும். பாதத்தில் சுற்றியிருந்த துணியிலிருந்து அடித்த வாடை எனக்குப் பழகியது. பிடித்து உட்கார வைத்துப் பிரித்தேன். இரண்டு விரல்கள் கறுத்துப் போயிருந்தன.

“அடிப்பாவி, நாலு நாளா எங்க போன?”

“நூறு நாள் வேலைக்குப் போய்க்கினு இருந்தேங்க. ஆஜருக்குப் போட்டோ புடிக்கிறப்ப ஆளு இல்லன்னா அன்னிக்குக் கூலி இல்ல. வூடு திரும்பறதுக்குள்ள நீங்க மூடிட்டீங்க. இன்னிக்குத்தான் எங்களுக்கு லீவு. வந்து பாத்தா ஒங்களுக்கும் லீவாம்.”

கரையில் நின்ற அத்தனை பேருக்கும் அதே கதைதான். அட்டவணை போடுமுன் ஊரில் ஒருவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். டாக்டர் பாறைமேல் உட்கார்ந்தபடியே மற்றவர்களைப் பார்க்க ஆரம்பித்தார். நான் அவளை எங்கள் ஜீப்பில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனேன். விரல் தப்பிக்க வேண்டுமே என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா காலைப் பார்த்ததும் கத்தினார். “ரெண்டு விரலையும் எடுக்கணும். நாலு நாள் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். உங்க ஊர்லயே கேம்ப் போட்டாங்களே, போக வேண்டியதுதானே?”

அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. “அவங்க நல்லாத்தாங்க போட்டாங்க. எங்களுக்குத்தான் நேரம் இல்ல. பாவம், இந்த அக்கா எனக்காக லீவ வுட்டுட்டு வந்திருக்காங்க.”

டாக்டரம்மாவின் முகம் கனிந்தது. “ஓய்வு நாள்லகூட சேவையா சிஸ்டர்? நீங்க நல்லா இருக்கணும்.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“பரவாயில்லைங்க டாக்டர்” என்றேன்.